போல்கா ஆட: துள்ளல் முதலில், தாளம் அடுத்து

போல்காவில் துள்ளல் முதல் அடிக்கு முன்னால் வரும். இது காலில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் இரண்டு மூன்று மாலைகளில் வந்துவிடும். ஏறாவிட்டால் பத்து நாள் ஒத்திகை பார்த்தாலும் மேடையில் நொண்டியடிக்கிற மாதிரிதான் தெரியும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பள்ளி ஆண்டு விழாவுக்கோ கல்லூரிக் கலைவிழாவுக்கோ வெளிநாட்டு நாட்டுப்புற ஆட்டம் ஒன்று வேண்டுமென்றால் போல்காவைத் தயங்காமல் எடுக்கலாம். அடிப்படை அடி ஒன்றே ஒன்று, விலை உயர்ந்த உடை தேவையில்லை. வாசிக்க வேண்டிய வாத்தியங்களோ நம்மூர் கல்யாண பேண்டு செட்டிலேயே பெரும்பாலும் இருக்கின்றன.

பெயரைப் பார்த்துப் போலந்து ஆட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிறந்த இடம் பொஹீமியா, இன்றைய செக் நாடு, காலம் 1830கள். செக் மொழியில் 'பூல்கா' என்றால் பாதி. காலைப் பாதி தூரம் மட்டும் இழுத்துச் சேர்க்கும் அந்த அரை அடியிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1840-ல் பிராகா நகரத்து நடன ஆசிரியர் ஒருவர் பாரிஸில் ஆடிக் காட்டினார். 1844-க்குள் பாரிஸும் லண்டனும் போல்கா பித்துப் பிடித்து ஆடின.

தாளம்

இரண்டு எண்ணிக்கைத் தாளம். மேற்கத்தியக் குறிப்பில் 2/4 என்று எழுதுவார்கள். நமக்கு 'தகதிமி' போதும். 'த'விலும் 'தி'யிலும் கைதட்டு விழும். 'க', 'மி' இரண்டும் தட்டுக்கு இடையில் வருபவை. இனி இந்தக் கட்டுரையில் ஒரு 'தகதிமி' என்றால் இரண்டு தட்டு கொண்ட ஒரு அளவு.

வேகத்துக்கு மெட்ரோனோம் (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) தேட வேண்டாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்பது போல்காவுக்கு நல்ல நடுத்தர வேகம். அதாவது விநாடிக்கு ஒரு தகதிமி. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒவ்வொரு முறை நகரும்போதும் 'த' விழ வேண்டும். கற்கும்போது நிமிடத்துக்கு 90 தட்டில் தொடங்குங்கள். யூடியூபில் 120 வேகப் பாட்டைப் போட்டு, வேகத்தை 0.75-க்கு இறக்கினால் சரியாக 90 கிடைக்கும். 130-க்கு மேல் போகும் பாட்டுகளைப் பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

அடிப்படை அடி

வலது காலில் எடை முழுவதும். இடது கால் தரையிலிருந்து லேசாகத் தூக்கியிருக்கட்டும். முழங்கால் விறைப்பாக இருக்கக் கூடாது. இப்போது எண்ணிக்கையை 'த'விலிருந்து தொடங்காமல் 'மி'யிலிருந்து தொடங்குங்கள்: மி–த–க–தி.

'மி': வலது காலிலேயே ஒரு சின்னத் துள்ளல். உயரம் இரண்டு விரல் கனம், அவ்வளவுதான். 'த': இடது காலை முன்னால் வையுங்கள், ஏறத்தாழ ஓரடி. 'க': வலது காலை இழுத்து, அதன் விரல் நுனி இடது பாதத்தின் நடுவுக்கு வருமாறு வைத்து, எடையை அதற்கு மாற்றுங்கள். 'தி': மறுபடி இடது கால், இம்முறை அரையடி போதும். அடுத்த 'மி' இடது காலில் துள்ளல். அந்த நேரத்தில் வலது கால் முன்னால் வரும். பிறகு அதே வரிசை, கால் மட்டும் மாற்றி.

இழுத்துச் சேர்க்கும் அந்த 'க' அடியில்தான் பாதிப் பேர் சிக்குகிறார்கள். கால் தரையைத் தொடுகிறது, எடை மாறுவதில்லை. விளைவு: அடுத்த தகதிமியிலும் அதே கால்தான் தொடங்கும், ஜோடி முட்டிக்கொள்ளும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 'க'வில் அப்படியே நின்றுவிடச் சொல்லுங்கள். முன்கால் தரையிலிருந்து தூக்க வருகிறதா? வந்தால் எடை மாறிவிட்டது. தூக்கினால் தடுமாறுகிறார் என்றால் அந்த அடியை மட்டும் இருபது முறை, இசையில்லாமல்.

துள்ளலைத் தாளத்தின் மேல் போடுவது அடுத்த தவறு. பாட்டு தொடங்கியதும் 'த'வில் குதித்துவிடுவார்கள். பிறகு மூன்று அடிகளையும் மிச்சமிருக்கும் இடத்தில் திணிக்க வேண்டியிருக்கும், எப்போதும் பாட்டுக்குக் கொஞ்சம் பின்னால் ஓடுவார்கள். கர்நாடக இசை பழகியவர்களிடம் 'அதீத எடுப்பு' என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்: தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு முன்பே எடுப்பது. மற்றவர்களுக்கு ஒத்திகையில் மட்டும் சலங்கை கட்டிவிடுங்கள். சரியாக ஆடினால் நான்கு சத்தமும் சம இடைவெளியில் கேட்கும். துள்ளல் இடம் மாறினால் மூன்று சத்தம் நெருங்கி, ஒன்று தனியாக விலகிக் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத பிழை காதுக்குத் தெரிந்துவிடும். மேடையில் சலங்கை வேண்டாம், இசையை விழுங்கிவிடும்.

பரதம் கற்ற பிள்ளைகள் குழுவில் இருந்தால் ஒரு தனி எச்சரிக்கை. தட்டடவு பழகிய கால் முழுப் பாதத்தையும் தரையில் அறையும். போல்காவில் பாதத்தின் முன்பகுதிதான் முதலில் தொட வேண்டும். குதித்து மெட்டடவை நினைவூட்டினால் முன்பாதத்தில் இறங்குவது புரியும். ஆனால் அதில் இரண்டு காலும் சேர்ந்து குதிக்கும், இதில் ஒரு கால்தான். அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

தரையும் காலணியும்

கல்யாண மண்டபத்து வழவழ டைல்ஸில் வெறும் சாக்ஸோடு ஆடினால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூவில் ஆடினால் நேர்மாறு: பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு சுழலும், முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். சுழல் போல்காவில் முழங்கால் வலிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஷூவின் அடிப்பாகத்தைத்தான்.

இதற்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை இருக்கும் வட்டாரத்தில் வழி தேட வேண்டியதே இல்லை. சாதாரண கேன்வாஸ் ஷூவின் அடியில், முன்பாதம் படும் இடத்தில், சொரசொரப்பான ஸ்வேட் தோல் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். ரப்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்து, செருப்புக் கடையில் பயன்படுத்தும் சொல்யூஷனை ரப்பரிலும் தோலிலும் மெல்லியதாகத் தடவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தி, சுத்தியால் தட்டி, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் முதல் ஒத்திகையிலேயே விளிம்பு பிரியும். குதிகால் பக்கம் ஒட்ட வேண்டாம். நிறுத்த வேண்டிய நேரத்தில் பிடிப்பு தருவது அந்த ரப்பர்தான்.

கேரம் பவுடரைத் தரையில் தூவும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பவுடர் ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்து, யார் எங்கே விழுவார்கள் என்று சொல்ல முடியாமல் போகும். ஜமக்காளம் விரிப்பது அதைவிட மோசம், துள்ளலோடு ஜமக்காளமும் கூடவே வரும். மொட்டை மாடி பரவாயில்லை, ஆனால் சிமென்ட் தரை துளியும் இடம் கொடுக்காது. அங்கே இருபது நிமிடத்துக்கு மேல் துள்ளினால் கணைக்காலின் முன்பக்கம் வலிக்கும். அந்த நாளில் துள்ளலை விட்டுவிட்டு 'மி'யில் குதிகாலை மட்டும் லேசாக உயர்த்தி இறக்கிப் பழகலாம், தாளம் கெடாது.

இடத்துக்குக் கணக்கு: ஒரு ஜோடிக்கு வட்டத்தின் சுற்றளவில் எட்டடி. பன்னிரண்டு ஜோடி என்றால் 96 அடிச் சுற்றளவு, ஏறத்தாழ 30 அடி விட்டம். வெளியே கை வீச இடம் விட்டு, நாற்பதடி அகல மண்டபம் வேண்டும். மேடை இருபதடிதான் என்றால் ஜோடியைக் குறையுங்கள். இடைவெளியைக் குறைக்க வேண்டாம்.

ஜோடியும் சுழலும்

வட்டம் இடமாக நகரும், அதாவது மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. கோயில் வலம் வந்த பழக்கத்தில் நம்மவர்கள் கால் தானாக வலப்பக்கம் திரும்பும். முதல் நாளே சாக்பீஸால் தரையில் அம்புக்குறி போட்டு வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

ஐரோப்பிய வழக்கில் ஜோடி எதிரெதிரே நின்று, ஒருவர் வலது கை மற்றவரின் தோள்பட்டை எலும்பின் மேல், அவரது இடது கையும் மற்றவரின் வலது கையும் பக்கவாட்டில் கோத்து ஆடுவார்கள். பள்ளி விழாவில் இந்தப் பிடி எல்லாருக்கும் ஒத்துவராது. பெண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளோடு ஜோடி சேரலாம். இல்லையென்றால் பக்கத்தில் பக்கத்தில் நின்று உள்பக்கக் கைகளை மட்டும் கோத்துக்கொள்ளும் பிடி இருக்கிறது. அதிலும் தொடங்குவது வெளிப்பக்கக் காலில்தான். ஒருவர் இடது கால், மற்றவர் வலது கால். முதல் தகதிமியில் கோத்த கையைப் பின்னுக்கு வீசி முகத்துக்கு முகம், அடுத்ததில் கையை முன்னுக்கு வீசி முதுகுக்கு முதுகு. பார்ப்பதற்குச் சுழலைவிட இதுவே அழகு என்று சொல்பவர்களும் உண்டு.

முழுச் சுழல் வேண்டுமென்றால், எதிரெதிர்ப் பிடியில்: வழி நடத்துபவர் வட்டத்துக்கு வெளியே பார்த்து, மையத்துக்கு முதுகு காட்டி நிற்கட்டும். இடது கால் பக்கவாட்டில், வலது கால் சேர்ப்பு, இடது கால் பக்கவாட்டில்; துள்ளலோடு வலப்பக்கமாக அரைச் சுற்று. இப்போது மையத்தைப் பார்க்கிறார். அடுத்த தகதிமி வலது கால் பக்கவாட்டில், இடது சேர்ப்பு, வலது. துள்ளலோடு மீண்டும் அரைச் சுற்று. இரண்டு தகதிமிக்கு ஒரு முழுச் சுற்று. வட்டம் இடமாகப் போகும்போது ஜோடி வலமாகச் சுழல்கிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். இணையாட்டக்காரர் இதையே எதிர்க்காலில் செய்வார்.

ஜோடி வட்டத்தின் மையத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போனால், அரைச் சுற்று முழுமையாக வரவில்லை என்று அர்த்தம். கால் தொண்ணூறு பாகை திரும்பியதும் நின்றுவிடுகிறது, மீதியைத் தோளை முறுக்கி ஈடுகட்டுகிறார்கள். இசையை நிறுத்தி, துள்ளலையும் நிறுத்தி, நடந்தே அரைச் சுற்றுகளை எண்ண வையுங்கள். தலை சுற்றல் வந்தால் இணையின் காதுப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரைப் பார்த்தால் சுவரும் சேர்ந்து ஓடும்.

உடையில் ஒன்றிரண்டு. பாவாடை கணுக்காலுக்கு மேல் மூன்று அங்குலம் நிற்கட்டும், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினால் தாங்கும். மடித்துக் கட்டிக்கொண்டு சுழல்வது அவரவர் துணிச்சல்.

மேடைக்கு 32 தகதிமி

முதல் எட்டு: குதிகால்–விரல் அடி. 'த'வில் இடது குதிகாலை முன்னால் தொட்டு, 'தி'யில் அதே காலின் விரல் நுனியைப் பின்னால் தொட்டு, அடுத்த தகதிமியில் அதே காலில் தொடங்கி ஒரு போல்கா அடி. பிறகு வலது பக்கம். இந்த நான்கு தகதிமியை இரண்டு முறை செய்தால் எட்டு. குதிகாலை நீட்டுவதில் நாட்டடவின் சாயல் தெரியும், அரைமண்டி மட்டும் வேண்டாம், நிமிர்ந்தே நிற்க வேண்டும். இணை இதை வலது காலில் தொடங்குவார்.

அடுத்த எட்டு முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு. அதற்கடுத்த எட்டில் நான்கு முழுச் சுழல். கடைசி எட்டு சாதாரணமாக முன்னோக்கிய போல்கா. மூச்சு வாங்க இது அவசியம். 120 வேகத்தில் இது 32 விநாடி. நான்கு முறை ஆடினால் 2 நிமிடம் 8 விநாடி. மூன்று முறை ஆடிவிட்டுச் சிரித்த முகத்தோடு வெளியேறும் குழு, நான்காவதில் வாய் பிளந்து மூச்சு வாங்கும் குழுவைவிட நன்றாகத் தெரியும்.

வேலூர் வெயிலில் பகல் ஒத்திகை வேண்டாம், அதுவும் மே மாதத்தில். மாலை ஆறுக்கு மேல், இருபது நிமிடம் ஆட்டம், ஐந்து நிமிடம் ஓய்வு, கையெட்டும் தூரத்தில் உப்புப் போட்ட நீர்மோர். பிரியாணி சாப்பிட்டால் குறைந்தது இரண்டு மணி நேரம் போகட்டும். துள்ளல் இரண்டு விரல் கனம்தான் என்றாலும் நிமிடத்துக்கு அறுபது முறை வருகிறது.

இசை

பதிவு செய்த பாட்டுப் போதுமென்றால் தேர்வில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் குடியேறிய ஸ்லோவேனியர்கள் வளர்த்த அக்கார்டியன் பாணி ஒரே சீராக ஓடும், கற்பவர்களுக்கு இதுதான் உகந்தது. செக், ஜெர்மன் பித்தளைக் குழுக்கள் கொஞ்சம் கனமாக வாசிக்கும், அதுவும் நல்லதே. வியன்னாவின் கச்சேரிப் போல்காக்களில் வேகம் திடீரென மாறும், நடுவில் நின்றும் விடும். கேட்க இனிமை, ஆடச் சிக்கல். அயர்லாந்துப் போல்கா இந்த அடிக்கு மிக வேகம். 'போல்கா மசூர்கா' என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம், அது மூன்று எண்ணிக்கை.

நேரடியாக வாசிப்பதானால், போல்காவின் இதயம் 'தொம்–தக்–தொம்–தக்'. 'த'விலும் 'தி'யிலும் கீழ்ச் சுரம் ஒன்று தொம் என்று விழும். 'க'விலும் 'மி'யிலும் மேலே மூன்று சுரம் சேர்ந்து தக்கென்று தெறிக்கும். அக்கார்டியனில் இடக்கைப் பொத்தான்கள் இந்த இரண்டையும் செய்துவிடும், வலக்கை மெட்டுக்கு. கூத்து மேடையில் நாம் பார்க்கும் ஹார்மோனியமும் அக்கார்டியனும் ஒரே வம்சம்தான், இரண்டிலும் காற்றில் அதிர்வது உலோக நாக்கு. ஆனால் ஹார்மோனியத்தில் இடக்கை துருத்திக்குப் போய்விடுகிறது. ஒற்றை ஹார்மோனியத்தில் மெட்டு மட்டும் வாசியுங்கள், தொம்–தக்கை கீபோர்டுக்குக் கொடுங்கள். வீட்டுக் கீபோர்டுகள் பலவற்றில் போல்கா என்ற ஸ்டைல் தயாராகவே இருக்கும்.

1 கட்டையில், சங்கராபரணச் சுரங்களில் பழக ஒரு மெட்டு. இரண்டு கோடுகளுக்கு இடையில் ஒரு தகதிமி, காற்புள்ளி நீட்டல்:

| க க ப க | ஸ க ப , | ரி ரி ம ரி | ப ம ரி , |
| க க ப க | ஸ க ப , | ப ம க ரி | ஸ , ஸ , |

முதல் வரியின் முதலிரண்டு தகதிமிக்கு ஸ–க–ப சேர்ப்பு; தொம்மில் ஸ, அடுத்த தொம்மில் கீழ் ப. அடுத்த இரண்டுக்கு ப–நி–ரி சேர்ப்பு. தொம்மில் கீழ் ப, பிறகு ரி. இரண்டாம் வரியில் ஏழாவது தகதிமிக்கு மட்டும் ப–நி–ரி, மற்றவற்றுக்கு ஸ–க–ப. எட்டு தகதிமி முடிந்ததும் திரும்பவும் அதே எட்டு. போல்கா மெட்டுகள் பெரும்பாலும் இப்படி எட்டு, பதினாறாகவே அடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் மேலே சொன்ன 32 எந்தப் பாட்டிலும் பெரும்பாலும் பொருந்துகிறது.

பேண்டு செட் கிடைத்தால் அதைவிடப் பொருத்தம் வேறில்லை. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் மெட்டுக்கு, யூபோனியம் தொம்முக்கு, பெரிய டிரம் 'த'விலும் 'தி'யிலும், சைடு டிரம் 'க'விலும் 'மி'யிலும். மாஸ்டரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் பேசிவிட வேண்டும். ஒன்று, சைடு டிரம்காரர் உருட்டக் கூடாது. ஊர்வலத்தில் உருட்டல் கூட்டத்தைக் கிளப்பும்; இங்கே அது 'மி'யை மூடிவிடும், ஆடுபவருக்குத் துள்ள இடம் தெரியாது. இரண்டு, நடை திஸ்ரத்துக்குப் போகக் கூடாது. நம்மூர்க் குத்து அடியில் ஒரு தட்டுக்குள் மூன்று அசை ஓடும். பம்பை, மேளம் வாசித்துப் பழகிய கைக்கு அந்த ஆட்டம் தானாக வரும், போல்காவின் நேரான நான்கும் சாய்ந்துவிடும். மூன்றாவது சுற்றில் களை கட்டும்போதுதான் இது நடக்கும். ஒரு ஆள் பக்கத்தில் நின்று 'தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால் திரும்ப வழிக்கு வந்துவிடும். கடைசியில் வேகத்தை ஏற்றுவதும் பேண்டு செட்டின் பழக்கம். 120-ல் தொடங்கியது 140-ல் முடிந்தால் பிள்ளைகளின் கால் பின்னிக்கொள்ளும்.

மேடையில் தொடக்கத்துக்குப் பெரிய டிரம் மட்டும் நான்கு தட்டுப் போடட்டும், இரண்டு தகதிமிக்கு. நான்காவது தட்டு விழுந்ததும் சைடு டிரம் ஒரே ஒரு 'மி' அடிக்க, எல்லார் காலும் அந்த அடியில் தரையை விட வேண்டும். மெட்டு அதற்குப் பிறகுதான் வரும்.